அவருக்கு ஒரு பிடி அரிசி

கடவுள்மேல் பொறாமைப்பட்டவன் நான். பக்தி இல்லாதவன் என்று சொல்லவில்லை, பொறாமை என்றுதான் சொல்கிறேன். அடுத்தவன் சம்பளத்தையும் அடுத்தவன் நிலத்தையும் பார்த்து மனுஷனுக்கு வயிறு எரியுமே, அதே எரிச்சல்தான். என்ன, எனக்கு வாய்த்த ஆள் கண்ணுக்குத் தெரியாதவராக இருந்தார். கண்ணுக்குத் தெரிந்தவனாக இருந்தால் சட்டையைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். இவரை என்ன செய்ய?

எல்லாம் என் பெண்டாட்டியால் வந்தது.

திருத்தணி ஸ்டேஷனுக்குத் தெற்கே, அரக்கோணம் போகிற தண்டவாளத்தில் நான் ரயில்வே கேட் காவலாள். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வேளை கெட்ட வேளையில் வண்டிகள் போகும், நான் கொடியோடு நிற்பேன். கேட்டை ஒட்டியே ஒற்றை அறை வீடு. அதில் நானும் அவளும் மட்டும். அவள் புத்தூர்ப் பக்கத்துப் பெண், என் மாமன் மகள். தெலுங்கும் தமிழும் சேர்த்துப் பேசுகிற குடும்பம் என்பதால் என்னைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வீட்டாருமே தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். அவளுக்கோ நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

காலையில் கண் விழித்தால் ஸ்தோத்திரம். கிணற்றில் வாளி நல்லபடியாக மேலே வந்தால் ஸ்தோத்திரம். மழையில் கூரை ஒழுகும், அதற்கும் ஸ்தோத்திரம். "ஒழுகுதே, இதுக்கு இன்னாத்துக்கு ஸ்தோத்திரம்?" என்று கேட்டால், "அடுப்பு மேல ஒழுகலியே பாவா" என்பாள். ஏணி வைத்து ஏறி, விழல் செருகி, முதுகெல்லாம் நனைந்து நான் இறங்கி வந்தால் மேலே பார்த்து இன்னொரு ஸ்தோத்திரம். ஏணியில் இருந்தவன் நான். அவள் பார்த்ததோ ஏணிக்கும் மேலே.

ஒருநாள் வாசலில் கட்டுவிரியன் வந்துவிட்டது. கைக்கு அகப்பட்ட கடப்பாரையால் ஒரே போடு போட்டேன். அவள் வெளியே வந்தாள், செத்த பாம்பைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, என்னைக் காப்பாத்துனியே." கடப்பாரையோடு ஒருத்தன் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறானே, அவன் யார்? வழிப்போக்கனா?

அந்தக் காலத்தில் அரிசிக்குப் பட்ட பாடு எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ரயில்வேக்காரர்களுக்கென்று இருந்த தானியக் கடையில் கோதுமை போடுவான், சோளம் போடுவான், அரிசி கேட்டால் கையை விரிப்பான். திருவாலங்காட்டில் தெரிந்த குடியானவர் ஒருவர் இருந்தார். லீவு கிடைத்த நாளில் அவரிடம் போய்க் கொஞ்சம் அரிசி வாங்கினேன். ரயிலில் கொண்டுவந்தால் பிடித்துவிடுவார்கள், வேலையும் போய்விடும். எனவே ரயில்வேயில் வேலை பார்க்கிற நான் வெயிலில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திருத்தணி வரைக்கும் நடந்தே வந்தேன். வழியில் செருப்பு அறுந்தது. வீட்டுக்குள் நுழைந்து மூட்டையை இறக்கினேன். அவள் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். முகம் அப்படி மலர்ந்தது. கண்ணை மூடினாள்.

"ஸ்தோத்திரம் சாமி. கேக்காமலே குடுக்குறியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேக்காமலா? நான் அந்தாளு கால்ல விழாத கொறையா கேட்டு வாங்கிகினு வந்திருக்கேன். நடந்து தூக்கிகினு வந்தது நானு. அவரு இன்னா, மூட்டைக்கு ஒரு கை குடுத்தாரா?"

"நடக்கறதுக்குக் காலு குடுத்தது யாரு பாவா?"

"எங்கம்மா குடுத்தா."

"உங்கம்மாவைக் குடுத்தது யாரு?"

திண்ணென்று வீங்கிய காலுக்கு வெந்நீர் வைக்கச் சொன்னேன். வைத்தாள். கால் வீக்கம் வடிந்ததும் அதற்கும் ஸ்தோத்திரம் அவருக்கே போனது.

இதோடு விட்டாலும் பரவாயில்லை. அடுப்பு மூலையில் ஒரு சின்ன மண்கலயம் இருந்தது. உலையில் போட அரிசியை முறத்தில் எடுத்தவுடன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஸ்தோத்திரம் சொல்லி, அந்தக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் கழுவுவாள். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் இந்தப் பிடியரிசி உண்டு. மாதக் கடைசியில் பைபிள் அம்மா பையோடு வருவார். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபம் செய்கிறவர் அவர். கலயத்தைப் பையில் கவிழ்த்து ஜெபவீட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே கதியற்றவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நான் செருப்பறுந்து நடந்து கொண்டுவந்த அரிசி. வீட்டு ஆம்பிளைக்கு முன்னால் முதல் பங்கு அவருக்கு.

"பஞ்ச காலத்துல ஒரு மாசம் நிறுத்தி வச்சா அவரு இன்னா பட்டினியா கெடப்பாரு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அவரு கெடக்க மாட்டாரு, நான்தான் கெடப்பேன்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. விளங்காததால் இன்னும் கோபம் வந்தது.

தண்டவாளத்தில் வேலை பார்க்கிற ஆட்களின் மேஸ்திரி ஒருவர் அடிக்கடி எங்கள் கேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். உள்ளே இவள் குரல் கேட்கும். "இன்னாப்பா, உன் சம்சாரம் பெரிய எடத்துல பேசிகினு கீது, நீ கேட்டைத் தொறந்து மூடிகினு கீறே" என்று சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் குமையும்.

ஏனென்றால் விஷயம் ஸ்தோத்திரம் மட்டும் இல்லை. ஜெபம் பண்ணும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கண் மூடியிருக்கும், உதடு ஓரத்தில் மட்டும் லேசாக. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை என்னைப் பார்த்து அவள் சிரித்ததில்லை. நான் சொல்கிறேன், அந்தச் சிரிப்பை வேறு எவனைப் பார்த்தாவது சிரித்திருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும். கேட்டைச் சாத்திவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்று கேட்பேன், என் பேர் வருகிறதா என்று. வரும். "அந்த மனுஷனுக்குப் பொறுமையைக் குடு ஆண்டவரே" என்று வரும். என்னைக் கொடுத்ததற்கு நன்றி என்று ஒருநாளாவது வருமா என்று நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம்.

ஆடிக் கிருத்திகை வந்தால் கேட்டில் மூச்சுவிட முடியாது. காவடிகள் வரிசையாக வரும், அரோகரா சத்தத்தில் வண்டியின் ஊதல் காதில் விழாது. ஜனங்களைத் தண்டவாளத்தில் ஏறவிடாமல் நான் ஒருபக்கச் சங்கிலியைப் பிடிப்பேன், அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கச் சங்கிலியைப் பிடிப்பாள். வண்டி போனதும் கேட்டைத் திறப்பேன். வந்தவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போவார்கள். அவள் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். "மவராசியா இரும்மா" என்பார்கள். "எனக்கில்லீங்க, ஆண்டவருக்குச் சொல்லுங்க" என்பாள். இந்த ஊரில் எல்லோரும் நன்றியை மேலே அனுப்பிவிடுகிறார்கள், கேட் திறந்தவனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று எனக்குத் தோன்றும்.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. கேட்க வேண்டுமா? வீடு முழுக்க ஸ்தோத்திரம். ஜெபவீட்டில் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குப் பிள்ளை கொடுத்தார் என்று சாட்சி சொன்னாள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதிலுமா எனக்குப் பங்கில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்துவிட்டேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

பிள்ளை பேச ஆரம்பித்தபோது முதல் வார்த்தையே 'தோத்தம்'. அம்மாவைப் பார்த்து வந்த பழக்கம். சந்தையிலிருந்து பொரி உருண்டை வாங்கி வந்து கொடுத்தால் குட்டிக் கையைத் தூக்கித் "தோத்தம்" என்றது. அட, நீயுமா! விடுவேனா நான்? இன்னொரு உருண்டையைக் காட்டி, "நைனா சொல்லு, நைனா சொல்லு" என்று பழக்கினேன். கொஞ்ச நாளில் எது கொடுத்தாலும் "தோத்தம் நைனா" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னது. சரி, பாதியாவது வந்ததே என்று அதைத் தூக்கிக்கொண்டு தண்டவாளம் ஓரமாகச் சுற்றி வந்தேன். அந்த ஒரு வருஷம் எனக்குப் பொறாமை கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது.

சண்டை முடிந்த அடுத்த கோடையில் பிள்ளைக்கு விஷ சுரம் வந்தது. ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நல்ல மனுஷன், தன்னால் ஆனதைச் செய்தார். சுரம் இறங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் இந்தப் பக்கம் கேட், அந்தப் பக்கம் வீடு என்று அலைந்தேன். ஒரு மத்தியானம் கூட்ஸ் வண்டிக்குக் கொடி காட்டிவிட்டு உள்ளே வந்தேன். முடிந்திருந்தது.

ஜெபவீட்டுக்குப் பின்னால் இருக்கிற நிலத்தில் அடக்கம். உபதேசியார் ஜெபம் பண்ணினார். எந்த நிலையிலும் நன்றி சொல்லக் கற்றவர்கள் நாம், இந்தப் பிள்ளையைக் கொஞ்ச நாள் நம்மோடு விட்டுவைத்ததற்காக நன்றி சொல்லி அனுப்புவோம் என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் குழியைப் பார்க்கவில்லை. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாய் திறக்கவில்லை.

இதைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். துப்பிவிட்டுப் போங்கள். பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு நிற்கிறேன், நெஞ்சு பிளந்துபோய்க் கிடக்கிறது, அதற்குள்ளேயும் ஒரு மூலையில், 'அப்பாடா, இப்போது இவளும் நானும் ஒரே பக்கம்' என்று இருந்தது. இனி இவள் எனக்குத்தான் என்று இருந்தது.

அதன்பிறகு வீட்டில் ஸ்தோத்திரம் நின்றுபோனது. வாளி வந்தது, மழை வந்தது, பொழுது விடிந்தது, எதற்கும் இல்லை. ஜெபவீட்டுக்கு என்னோடு வருவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள், திரும்பி வருவாள். அரிசி முறத்துக்கு வரும், முறத்திலிருந்து நேரே கழுவப் போகும். கலயத்தை அவள் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஒருநாள் நான் கடையிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கி வந்தேன். அதற்கும் தட்டுப்பாடு, நெடுநேரம் வரிசையில் நின்று வாங்கியது. அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிங்க பாவா."

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! வந்தது. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் காய்கறி வாங்கி வந்தேன். "நன்றிங்க." கூரைக்கு விழல் மாற்றினேன். "நன்றிங்க." தலைவலிக்கு மருந்து வாங்கி வந்தேன். "நன்றிங்க." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கேட் திறந்துவிட்டால் மாட்டு வண்டிக்காரன் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்குவானே, அந்த மாதிரி. போகப்போக அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசியது. முன்பெல்லாம் அவள் கை மேலே போகும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். திட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது நன்றி முழுக்க என்னிடம்தான் வருகிறது, வெளிச்சம் எங்கேயும் இல்லை.

என்னுடைய எதிராளி வீட்டை விட்டுப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவனுக்கு வீட்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது.

மாதக் கடைசி வந்தது, பைபிள் அம்மாவும் வந்தார். கலயத்தைத் தூக்கினார். உள்ளே சிலந்தி வலை. இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. அவமானம் என்பதைவிட, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு துரத்திவிட்ட ஆளின் சாப்பாட்டுத் தட்டு வீட்டில் காலியாகக் கிடக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் அவள் கிணற்றுக்குப் போனதும் அரிசிப் பானையில் கைவிட்டேன். ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டேன். ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. "இந்தா, எடுத்துக்கோ" என்றேன், கடன்காரனிடம் சொல்வதுபோல. அதற்கடுத்த நாளும் போட்டேன். அப்புறம் பழக்கமாகிவிட்டது. அவளுக்காக நான் போட்டு வைத்தால், அந்த ஆள் கணக்கில் அவள் விட்டுப்போகவில்லை என்று இருக்கும் அல்லவா, அப்படி ஒரு யோசனை எனக்கு.

பிடியரிசியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் கையோ கடப்பாரை பிடித்த கை. ஒரு பிடி அள்ளினால் அவள் கைக்கு இரண்டு பிடி. பானை சீக்கிரம் காலியாக ஆரம்பித்தது.

"எலி பூந்துகினு கீது பாவா. அரிசி நிக்க மாட்டேங்குது" என்றாள்.

"ஆங், எலிதான். பெரிய எலியா இருக்கும்" என்றேன்.

கூடை கவிழ்த்து வைத்தாள், பானைக்குமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். குழவியை இறக்கி வைத்து அரிசி எடுத்துவிட்டு மறுபடி ஏற்றி வைக்கிற எலியை அவள் கேள்விப்பட்டதில்லை. ஒருநாள் வாளிக் கயிற்றை மறந்துவிட்டுப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். என் கை பானைக்குள் முழங்கை வரைக்கும் இருந்தது.

"இன்னா பண்றீங்க?"

மூடிய கையோடு எழுந்தேன். அரிசி விரலிடுக்கில் சிந்துகிறது. மறைக்க இடமில்லை. அவள் என் கையைப் பார்த்தாள், கலயத்தைப் பார்த்தாள், அருகில் போய் எட்டிப் பார்த்தாள். கலயம் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"யாரு உங்களைப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"பொறகு இன்னாத்துக்கு? உங்களுக்குத்தான் அவரைக் கண்டாலே ஆவாதே. இப்ப நானும் வுட்டுட்டேன். சந்தோசமாத்தானே இருக்கணும் நீங்க?"

"சந்தோசமா இல்லம்மே" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. "நீ அவருகிட்டப் பேசாத வூடு நல்லா இல்ல. எனக்கு நன்றி வேணாம். நீ பழையபடி அவருக்கே சொல்லு. நான் வயிறெரிஞ்சுகினே இருந்துட்டுப் போறேன்."

அவள் என் மூடிய கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தாள். பாதி அரிசியைப் பானையில் திருப்பிக் கொட்டினாள். "இது பிடியில்ல, மூட்டை" என்றாள். மீதியை என் உள்ளங்கையிலேயே விட்டாள்.

"போடுறதுன்னா சொல்லிட்டுப் போடணும், சும்மா போடக் கூடாது. என்னால முடியாது பாவா. நீங்க சொல்லுங்க."

எனக்கு அதுவரை வாய் விட்டு ஜெபம் செய்து பழக்கமில்லை. கண்ணை மூடினேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றேன். எதற்கு என்று சொல்ல வேண்டுமே. பிள்ளையை நினைத்தேன், அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. அரிசியை நினைத்தேன், அரிசிக்கு என்ன நன்றி. பக்கத்தில் அவள் மூச்சு கேட்டது.

"இவளை எனக்குக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றேன். ஒன்று வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. "நான் எரிஞ்சு வுழுந்தாலும் வேளைக்கு ஆக்கிப் போடுறா. கிருத்திகைக் கூட்டத்துல ஆம்பள மாதிரி சங்கிலியப் பிடிச்சுகினு நிப்பா. வீங்குன காலுக்கு வெந்நீர் ஊத்துவா. புள்ளைக்கு சொரம் வந்தப்போ ராவும் பகலும் மடியிலேந்து எறக்கல, எனக்கு அந்தத் தெம்பு இல்ல, இவளுக்கு இருந்துது. இவ இல்லன்னா நான் அந்தத் தண்டவாளத்துலயே வுழுந்திருப்பேன். இவளுக்காக ஸ்தோத்திரம்."

கலயத்தில் அரிசியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அவள் கண்ணை மூடவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிகிறது, முகமோ கோபத்தில் சிவந்திருக்கிறது. அத்தனை கோபத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"கல்யாணம் கட்டிகினு இத்தினி வருசமாச்சு. இதுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்கிட்ட சொல்லிகீறீங்களா பாவா? அவருகிட்டப் போயி சொல்றீங்களே" என்றாள். "நான் இங்கதானே நிக்கிறேன்."